வன்னியில் விருந்தினரை வரவேற்கப் பயிற்சி எங்கே?

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிடுகிறார்கள். இரணைமடுவும், 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளமும், வற்றாப்பளை வைகாசிப் பொங்கலும் அவர்கள் பயணத்தில் இடம்பெறுவது குறைவு. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். அந்த வருமானத்தில் வன்னிக்குப் பங்கு வேண்டுமென்றால் கட்டடத்துக்கு முன் ஆட்களைத் தயார்படுத்த வேண்டும்.

சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. அது ஏழு மட்டங்கள் கொண்டது: நான்காம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகர். வகுப்புக்கே போகாமல் வேலையில் கற்றவர்களுக்கும் வழியுண்டு. அதற்குப் பெயர் முன்கற்றல் அங்கீகாரம். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். வன்னிக்கு மிகப் பொருத்தமான வழி இதுவே என்பேன். அம்மாச்சி உணவகங்களில் தோசையும் ஒடியற்கூழும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது. அதைச் சொல்லும் சான்றிதழ் கையில் இருந்தால், விடுதிகளில் வேலை கேட்கும்போது அவர்களுடைய பேச்சு எடுபடும்.

வழிகாட்டியாவது வேறு பாதை. இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் பயிற்றுவிக்கிறது, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி நாடெங்கும் போகலாம். பிரதேச வழிகாட்டிக்கும் தள வழிகாட்டிக்கும் எல்லை குறுகியது. கொக்கிளாய்க் களப்பின் பறவைகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மீனவரின் மகனுக்கு அந்தக் குறுகிய எல்லையே போதும்.

உள்ளூர் வழிகாட்டிகள் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் இல்லத்தைப் பார்த்தார்கள். 2013இல் அது தகர்க்கப்படும்வரை அங்கே விளக்கம் சொன்னவர்கள் படையினர். நந்திக்கடலோரம் விடுதி நடத்தியதும் இராணுவமே. அந்த மண்ணில் பிள்ளைகளை இழந்தவர்களின் குரல் அந்த விளக்கத்தில் இல்லை. மே 18இல் முள்ளிவாய்க்காலில் ஏற்றும் விளக்கு எதற்கு என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிதானமாகச் சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் வேண்டும். ஆகவே மொழிப் பயிற்சியைப் பாடத்தின் ஓரத்தில் வைக்கக்கூடாது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இயங்குகிறது. 2021இல் வவுனியா வளாகம் பல்கலைக்கழகமானது. இரண்டும் சேர்ந்து மாலை நேரத்தில், தமிழில், குறுகிய வழிகாட்டிப் பயிற்சி தொடங்கலாம். அதுவரை, சமையலிலோ விடுதி வேலையிலோ அனுபவம் உள்ள வாசகர்கள் அருகிலுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் முன்கற்றல் அங்கீகாரம் பற்றிக் கேளுங்கள்.