சூரியனின் மணிமுடி

அடுப்பருகே நிற்பவருக்கு வெம்மை மிகுதி; விலகிச் செல்லச் செல்ல அது குறையும். இது சிறு குழந்தையும் அறிந்த செய்தி. ஆனால், சூரியனிடத்தில் இம்முறைமை தலைகீழாய் நிற்கின்றது. நம் கண்ணுக்குத் தோன்றும் அதன் ஒளிமேற்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5,500 பாகை சதமளவை. அதற்கு மேலே, பல இலட்சம் கிலோமீற்றர் தூரம் பரந்து கிடக்கும் புறமண்டலமோ பத்து இலட்சம் பாகைக்கு மேல் வெப்பமுடையது. கொரோனா எனப்படும் அப்புறமண்டலமே சூரியன் தரித்திருக்கும் மணிமுடி.

இம்முடியை நாம் நாள்தோறும் காண்பதில்லை. மேற்பரப்பின் ஒளியோடு ஒப்பிட்டால் இதன் ஒளி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. ஆகவே, சந்திரன் சூரியனை முற்றாக மறைக்கும் சில நிமிடங்களையே முன்னைய ஆராய்ச்சியாளர் நம்பியிருந்தனர். அதற்கும் வானம் தயவு செய்தல் வேண்டும். 1955ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி இலங்கையிற் பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, கடல் கடந்து வந்த விஞ்ஞானிகளுட் பலர் மேகத்தைப் பார்த்துவிட்டே திரும்பினர்.

1869ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது, முடியின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு காணப்பட்டது. பூவுலகில் அறியப்பட்ட எம்மூலகத்துக்கும் அது பொருந்தவில்லை. புதிய மூலகம் ஒன்று அங்கே உண்டு போலும் என்று கருதி, அதற்குக் கொரோனியம் எனப் பெயரும் இட்டனர். பெயர் சூட்டிய பின் பிள்ளையைத் தேடிய கதை இது! செருமானியரான குரோத்திரியன் 1939இற் காட்டிய வழியிற் சென்று, சுவீடன் நாட்டு எட்லேன் 1940களில் உண்மையை வெளிப்படுத்தினார். அக்கோட்டைத் தருவது நாம் நன்கறிந்த இரும்பேயாம். ஆனால் தன் 26 இலத்திரன்களில் 13ஐ இழந்த இரும்பு. அத்தனை இலத்திரன்களை உதிர்ப்பதற்குப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். அணுக்கள் இவ்வாறு சிதைந்து, இலத்திரன்கள் தனித்து அலையும் நிலையையே பிளாஸ்மா என்கின்றனர்.

இத்துணை வெப்பமுடைய பிளாஸ்மா பெரிதும் எக்ஸ் கதிர்களையும் ஊதாக்கடந்த கதிர்களையுமே வீசுகின்றது. நம்மைக் காக்கும் வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், தொலைநோக்கிகள் விண்ணுக்கே செல்ல வேண்டியதாயிற்று. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்திலிருந்த விண்வெளி வீரர்கள் படச்சுருள்களிற் பதிந்த காட்சிகளைப் பூமிக்குக் கொண்டுவந்தனர். 2010இல் ஏவப்பட்ட அமெரிக்கச் சூரிய ஆய்வகம் ஒன்றோ, பன்னிரண்டு செக்கனுக்கு ஒருமுறை பல அலைநீளங்களிற் படம் பிடித்து அனுப்புகின்றது. இரும்பு எத்தனை இலத்திரன்களை இழந்திருக்கின்றது என்பதே அங்கு வெப்பமானி. ஒவ்வோர் அலைநீளமும் ஒவ்வொரு வெப்பநிலைக்குரிய பிளாஸ்மாவைக் காட்டும். காந்தப்புலத்தைப் பற்றி வில்லென வளைந்து நிற்கும் பிளாஸ்மா வளையங்கள் அப்படங்களிலே தெளிவாய்த் தெரிகின்றன.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது? காந்தப்புலமே அதனை மேலே கொண்டு செல்கின்றது என்பதில் ஐயமில்லை. எவ்வாறு என்பதிலேயே வழக்கு. காந்த அலைகள் சுமந்து செல்கின்றன என்பர் ஒரு சாரார். அல்வேன் என்பார் 1942இல் அவ்வலைகளைப் பற்றிக் கூறினார். முறுக்குண்ட காந்தப்புலம் எண்ணிறந்த சிறு வெடிப்புக்களால் வெப்பத்தைக் கக்குகின்றது என்று 1988இல் வாதித்தார் பார்க்கர். இரண்டும் இடத்துக்கேற்ப நிகழலாம் என்றே நமக்குத் தோன்றுகின்றது. பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் 2024 திசெம்பர் 24ஆந் திகதி சூரியனுக்கு 61 இலட்சம் கிலோமீற்றர் அண்மையிற் சென்று மீண்டது. அது உருகாதது எங்ஙனம் என வாசகர் வினவலாம். முடியிலுள்ள பிளாஸ்மா மிக ஐதானது. துகள்கள் கடுவேகமுடையவையாயினும் தொகையிற் குறைந்தவை. நேரே வீசும் சூரிய ஒளியைத் தாங்கவே அதற்குக் கரிக்கவசம் வேண்டியிருந்தது.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. முடியிலிருந்து பிளாஸ்மா பெருந்திரளாய்ப் பிய்த்தெறியப்பட்டுப் பூமியைத் தாக்குவதுண்டு. 1989 மார்ச் 13ஆந் திகதி அத்தகைய காந்தப்புயலாற் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

2023 செப்தெம்பர் 2ஆந் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் ஆதித்யா விண்கலம், மறு ஆண்டு சனவரியில், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. சூரியவட்டத்தைத் தானே மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கும் கருவி ஒன்று அதில் உண்டு. அக்கருவி ஆராய்வதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட கோடுகளில் ஒன்று, 1869இற் கண்ட அதே பச்சைக் கோடு.