அரக்கு இசைத்தட்டு: வங்கம் மறந்த பசுமைத் தொழில்

சால்ட் லேக் (கொல்கத்தா): மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் சால்ட் லேக்கில் உள்ளது. மட்காத பிளாஸ்டிக்கைக் கண்காணிக்கும் பொறுப்பு அதனுடையது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான், ஒரு காலத்தில், பூச்சி சுரக்கும் பிசினைக் கொண்டு இசைத்தட்டுகள் வார்க்கப்பட்டன.

1902-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் பாடல்கள், ஜெர்மனியின் ஹனோவரில் தட்டுகளாகித் திரும்பி வந்தன. 1908-இல் கிராமபோன் நிறுவனம் சியால்டாவிலேயே ஆலை தொடங்கியது. பின்னர் அது டம் டம்முக்கு இடம்பெயர்ந்தது. சென்னையில் பதிவான தமிழ்ப் பாடல்களும் டம் டம்மில் அச்சாகியே தமிழகம் வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அத்தட்டுகளின் உயிர்நாடி அரக்கு. புருலியாவிலும் சோட்டா நாக்பூரிலும் பழங்குடியினர் பலாச மரங்களிலும் இலந்தை மரங்களிலும் அரக்குப் பூச்சியை வளர்த்து அதை அறுவடை செய்கின்றனர். கல்தூள், கரித்தூள், பருத்தி இழை ஆகியவற்றை இறுகப் பிணைத்தது இந்தப் பிசினே. உலகப் போரின்போது இந்திய அரக்கு கிடைப்பது அரிதானதால், 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது.

ஆயினும் அரக்குத் தட்டு எளிதில் உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே பாடும். 1948-இல் நெடுநேரம் பாடும் பி.வி.சி. தட்டு வந்தபின் அதன் காலம் படிப்படியாக முடிந்தது. எடையில் பாதிக்கு மேல் குளோரின் கொண்ட பி.வி.சி. மண்ணில் மட்குவதில்லை. அரக்கோ பெரும் வாடிக்கையாளர் ஒருவரை இழந்தது.

இன்று மேலைநாடுகள் மாற்று தேடுகின்றன. பனியாறுகளின் ஓசையைப் பதிவு செய்து, அவற்றின் உருகுநீரை உறையவைத்துத் தட்டாக்கி, அது கரையும்வரை ஒலிக்கச் செய்தார் ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் (2007). 2022-இல் பிரிட்டனின் எவல்யூஷன் மியூசிக் நிறுவனம், மைக்கேல் ஸ்டைப்பின் பாடலைத் தாவரவழி பிளாஸ்டிக் தட்டில் 500 படிகள் வெளியிட்டது.

அரக்கு ஆய்வுக்கென 1924-இலேயே ராஞ்சியில் நிறுவனம் கண்ட நாடு இந்தியா. சிறு வன விளைபொருள்களுக்கு 2013-14 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டமும் உண்டு. அரக்கும் அதில் அடக்கம். ஆனால் ஆதரவு விலை மட்டும் போதாது, வாங்குவோரும் வேண்டும். பழைய தட்டை அப்படியே மீட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அதன் குறைகளைக் களையும் ஆய்வுக்கு அரசுகள் நிதி ஒதுக்கினால், கலைஞனின் சோதனை முயற்சியில் வனவாசிக்கும் பங்கு கிடைக்கும். இல்லையேல், பசுமை இசைத்தட்டையும் நாம் இறக்குமதி செய்யும் நாள் வரும்.