மேம்பாலத்தில் வரிசை கட்டும் கார்கள்

வானிலை மையம் கனமழை எச்சரிக்கை கொடுத்துவிட்டால் போதும், சென்னை வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். 2024 அக்டோபரிலும் அப்படித்தான். பாலம் நெடுக நின்ற கார்களின் படம் ஒரே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. அந்தக் கார்களுக்குப் போலீஸ் அபராதம் போட்டதாக ஒரு சேதியும் பின்னாலேயே ஓடி வந்தது. போக்குவரத்துக் காவல்துறை அதை மறுத்தது.

அந்தப் படத்தை நான் ஒரு விளம்பரமாகவே பார்க்கிறேன். யாரும் காசு கொடுத்துப் போடாத விளம்பரம். வேளச்சேரியில் வீடு விற்பவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, ஓ.எம்.ஆர். பக்கம், ஃபீனிக்ஸ் மால் பக்கம். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்ல முன்பு வழி இருக்கவில்லை. பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸுக்கு யார் பதில் போட முடியும்? இன்று "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்று புரோக்கர் சொல்லி முடிப்பதற்குள், வீடு பார்க்க வந்தவர் தெருப் பெயரைத் தட்டித் தேடி, தண்ணீர் நின்ற வீடியோவை எடுத்து, "இது இதே தெருதானே அண்ணே?" என்று போனை நீட்டிவிடுகிறார்.

இந்த மாற்றம் சென்னைக்கு உறைத்தது 2015 டிசம்பரில். ஒன்றாம் தேதி பெய்யத் தொடங்கிய மழை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு கரை புரண்டது. ஊர் ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் இடையில் தாழ்ந்து கிடக்கும் வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், விஜய நகர் எல்லாம் தண்ணீருக்குள். மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் முதல்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. பேப்பர் வராத அந்தக் காலையில் சேதி சொன்னது ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின்மேல் அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞர் ஒரு வெள்ள வரைபடத்தை உருவாக்கினார். உங்கள் தெருவைத் தொட்டால் அது 'மூழ்கிய தெரு' என்று நிறம் மாறும். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள்.

அந்த வெள்ளத்தில் முகம் தெரியாதவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் உதவினார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். வேலை மாறியவர்களிடம், அந்த வேலை பற்றி யார் மூலம் தெரிந்தது என்று அவர் கேட்டார். நெருங்கியவர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்களே பெரும்பாலும் சேதி கொண்டுவந்திருந்தார்கள். காரணம் எளிது. நமக்குத் தெரிந்ததுதான் நம் அண்ணன் தம்பிக்கும் தெரியும். புதுச் சேதி வெளிவட்டத்திலிருந்துதான் வரும். மொட்டை மாடியில் சிக்கிய பெற்றோருக்காக வெளிநாட்டில் இருக்கும் மகன் போட்ட ஒரு பதிவு, அவனுக்குத் தெரியவே தெரியாத, படகு வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது இந்த மெல்லிய இழைகளின் வழியாகத்தான்.

இன்று பொடி விற்பதும் புடவை விற்பதும் அதே இழைகளில்தான். வீட்டில் பருப்புப்பொடி இடித்து விற்கும் ஒருவர், கடை வாடகை இல்லாமல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு மாலைக்குள் ஆர்டர் பிடிக்கிறார். காசு கொடுத்து விளம்பரம் செய்தாலும் பெரிய கம்பெனியோடு மோத அவருக்கு வழி உண்டு. நீங்கள் சமூக ஊடகத் திரையை ஒருமுறை தள்ளும்போது, அதில் வரும் ஒரு விளம்பர இடத்துக்கு நொடிக்குள் ஏலம் நடக்கிறது. அதிகக் காசு கேட்டவருக்கே இடம் போய்விடாது. கேட்ட தொகையை, நீங்கள் அதைத் தொடுவதற்கான வாய்ப்பால் பெருக்குகிறார்கள். பெரிய கம்பெனி 10 ரூபாய் கேட்கிறது, வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வையுங்கள். மதிப்பு 10 பைசா. பொடிக்காரர் கேட்பது 4 ரூபாய்தான், ஆனால் வாய்ப்பு நூற்றில் ஐந்து. மதிப்பு 20 பைசா. விளம்பரத்தின் தரம் போன்ற கணக்குகளும் சேரும். அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு. நம் விரல் எங்கே நிற்கும் என்பதைத்தான் அது அளக்கிறது. சொன்னது மெய்யா, எப்போது நடந்தது என்பது அதன் வேலை இல்லை. 2015-லேயே அதையும் பார்த்தோம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு வதந்தி, படகு கேட்ட சேதிகளைப் போலவே வேகமாக ஓடியது. பண்ணை மறுக்க வேண்டியிருந்தது. அதைவிட வேதனையானது, மீட்கப்பட்டவர்களுக்காகவும் உதவிச் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ எப்போதோ அனுப்பியது, தேதி இல்லாமல், புதிதுபோல. பொய்யில்லை, பழசு. ஆனால் நிஜமாகவே காத்திருந்தவருக்குப் போக வேண்டிய படகை அது வேறு தெருவுக்கு இழுத்துவிடும். அதனால்தான் தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துக் கேட்டு, 'மீட்கப்பட்டார்' என்று நேரத்தோடு குறித்தார்கள். ஃபார்வர்டு செய்வதை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு என்று வாட்ஸ்அப் இந்தியாவில் சுருக்கியது 2018-ல்தான்.

கூட்டம் எவ்வளவு எளிதாகச் சாய்கிறது என்பதற்கு, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு சோதனை போதும். ஒரு செய்தித் தளத்தில் வந்த கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள், பதிவான உடனேயே, தாங்களாக ஒரே ஒரு 'பிடித்திருக்கிறது' போட்டார்கள். கடைசியில் அந்தக் கருத்துகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. ஒரே ஒரு ஓட்டு! ஓட்டலுக்கும் வீட்டுக்கும் விமர்சனம் விலைக்கு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தரநிலை கொண்டுவந்தது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது.

வேளச்சேரியில் வீடு தேடும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வீடியோவைப் பாருங்கள், அது எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று பாருங்கள். பிறகு தெருமுனைக்குப் போய், இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணே, 2015-ல தண்ணி எத்தனை படி வரைக்கும் வந்துச்சு? அதுக்கப்புறம்?"