மீந்த காசில் வாங்கலாமா மின்பெட்டி?

நம் பிள்ளைகள் கணினியில் விளையாடலாமா, விளையாடினால் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பன தனியே பேச வேண்டிய செய்திகள். அவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குவது என்று வீட்டில் முடிவான பிறகு அந்தப் பணம் கரியாகிப் போகாமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். கலைப் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு மின்சாரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு பெட்டி வெடித்தது.

என் லாத்தாவின் மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தானே ஒரு கணினியைப் பூட்டப் போவதாகச் சொன்னான். மச்சான் வளைகுடாவில் இருக்கிறார். விடுப்பில் வந்தபோது ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கிராபிக்ஸ் கார்டை மகனுக்காக வாங்கி வந்தார். மூன்று மாத ஓவர்டைம் கூலி அது. மற்றவற்றைப் பையன் இங்கே வாங்கினான். பிராசசர், மதர்போர்டு, நினைவகம் என்று வரிசையாக வாங்கிக் கடைசியில் கேபினெட்டுக்கு வந்தபோது கையில் 2,000 ரூபாய்தான் மிச்சம். கடைக்காரர் அந்த விலைக்குள்ளேயே கேபினெட்டையும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பெட்டியின் மேல் 450 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அந்தக் கார்டுக்கு எட்டு முனை கொண்ட மின்னிணைப்பு வேண்டும். பெட்டியிலோ அது இல்லவே இல்லை. அப்பொழுதே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குச் செல்லும் நான்கு முனைக் கம்பிகள் இரண்டை ஒன்றாக்கி எட்டு முனையாக மாற்றித் தரும் ஓர் இணைப்பானைக் கடைக்காரர் கொடுத்தார். பதினோராம் நாள் இரவு, பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்த நொடி ஒரு வெடிச்சத்தம். லாத்தா ஓடிச் சென்று மெயினை நிறுத்தினார். மதர்போர்டு போயிற்று. கார்டு தப்பியது இறைவன் அருள். வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற அச்சத்தில் பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையை அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்தோம். வாங்கும் முன் அதைப் படித்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவதே இப்பெட்டியின் பணி. இன்றைய கணினியில் அதிகம் உண்ணும் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மேலே உள்ள பெரிய எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் 16 ஆம்பியர். 16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட். மற்றத் தடங்களையும் கூட்டிக் காட்டிய எண்தான் அந்த 450!

தேவை எவ்வளவு? கார்டு மட்டும் 170 வாட். பையனின் ஐ5 12400எஃப் பிராசசர் உச்ச வேகத்தில் 117 வாட் வரை செல்லும். மதர்போர்டு, விசிறிகள், டிஸ்க் ஆகியவற்றுக்கு ஒரு 50 வைத்தாலும் ஏறத்தாழ 340 வாட். 192 தருவதற்கே திணறும் பெட்டியில் இந்தச் சுமையை ஏற்றினோம். அந்தக் கார்டுக்கு 550 வாட் பெட்டியை அதன் நிறுவனமே பரிந்துரைக்கிறது. கார்டு சில கணங்களில் தன் அளவை மீறி மின்சாரத்தை இழுக்கும் என்பதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது.

இனி, பயந்துபோய் மறுகோடிக்கும் ஓட வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது, 850 வாட்டே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வற்புறுத்தினார். பெரிய தொட்டி கட்டினால் குழாயில் கூடுதல் தண்ணீர் வந்துவிடாது. ஆர்.எக்ஸ். 6600 போன்ற 132 வாட் கார்டுக்கு 450 வாட் பெட்டியே போதும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஆனால் அது மெய்யான 450 ஆக இருக்க வேண்டும்.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 2004இல் தொடங்கிய இம்முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதையே சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையின்போது வெண்கலத் தரத்துக்கு 85 விழுக்காடு, தங்கத் தரத்துக்கு 90. கணினிக்கு 300 வாட் தேவைப்படும்போது இரண்டுக்கும் இடையே வேறுபாடு 20 வாட் அளவுதான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் விளையாடினால் 25 நாளைக்கு ஒரு யூனிட் மிச்சம். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது நம் போன்ற குடும்பங்களுக்குத் தேவையில்லை. வெண்கலமே போதும். அதைவிட முக்கியம், மின்னழுத்தம் மிகுந்தாலும் சுமை மிகுந்தாலும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும் தானே நின்றுவிடும் பாதுகாப்புகள் பெட்டியில் உண்டா என்பது. வெடித்துப்போன எங்கள் பெட்டியில் அவை இருந்த அடையாளமே இல்லை.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் தட்டுகிறதா? பல வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் உள்ள வடிகட்டி அமைப்பு சிறிதளவு மின்சாரத்தை இரும்பு உடலுக்கு அனுப்பும்; எர்த் கம்பி சரியாக இருந்தால் அது அதன் வழியே போய்விடும். தட்டுகிறது என்றால் சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட பெட்டியாயின், ஒன்றின் கம்பியை இன்னொன்றில் செருகக் கூடாது. முனைகள் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே வரிசை வேறாக இருந்தால் டிஸ்க் எரிந்துவிடும். யு.பி.எஸ். வைத்திருப்போர் கவனிக்க: 600 வி.ஏ. என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவே மின்சாரம் நின்றால் எங்கள் பையனின் கணினிக்கு அது போதாது. மலிவான யு.பி.எஸ்.களின் கரடுமுரடான அலையைச் சில நல்ல மின்பெட்டிகள் ஏற்பதும் இல்லை.

ஒரு வழியாக 3,800 ரூபாய்க்கு 550 வாட் வெண்கலத் தரப் பெட்டி வாங்கினோம்; ஐந்தாண்டு உத்தரவாதம். மதர்போர்டுக்கு என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். பிறகு மச்சான் தொலைபேசியில் அழைத்தபோது பையன் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“இப்ப வாங்குனதுல அந்த 12 வோல்ட் எவ்வளவு?” என்று கேட்டார்.

“45 ஆம்பியர், வாப்பா. 540 வாட்.”

“பில்லை உம்மாகிட்ட கொடுத்து வை” என்றார்.