எருக்கும் நமது தொழில்களும்

நம் சங்க அங்கத்தினர்களில் நெசவாளரும் உண்டு, பயிரிடுவோரும் உண்டு. இரு சாராருக்கும் உறவுள்ள செடி ஒன்று, விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றி, மணற்பாங்கான தரிசுகளில் தானே வளர்ந்து பூத்து நிற்கிறது. அதுவே எருக்கு.

மழை பொய்த்த ஆண்டிலும் இச்செடி வாடுவதில்லை. ஆணிவேர் மணலுள் ஆழ இறங்கி ஈரத்தைத் தேடுகிறது. தடித்த இலையின்மேல் படர்ந்த வெண்பூச்சு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. பாலின் நச்சுத்தன்மையால் ஆடுமாடுகளும் இதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஊதா, வெள்ளை என இரு நிறப் பூக்கள் உண்டு. இவற்றில் மகரந்தம் தூளாக உதிராமல் சிறு பொதிகளாக இருக்கும். தச்சுத்தேனீ வந்தமரும்போது அப்பொதி அதன் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கிறது.

காய் வெடித்ததும் பட்டுப்போன்ற பஞ்சு பறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 'இதனை நூற்று நெய்யலாகாதா?' என்று கேட்பது இயல்பே. பருத்தி இழை முற்றிக் காயும்போது நாடாவைப்போல் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. ஆகவே இழைகள் ஒன்றையொன்று பற்றுகின்றன. எருக்கம்பஞ்சோ உள்ளே காற்றடைத்த நுண்குழல், மெழுகுப்பூச்சால் வழவழப்பானது, முறுக்கும் இல்லை. தனியே நூற்றால் இழைகள் வழுக்கி நூல் அறும். பருத்தியுடன் கலந்தே நூற்க இயலும். தலையணைக்கு அடைக்க இது ஏற்றதாகும். தண்டின் பட்டைநார் வலிமை மிக்கது. முற்காலத்தில் தூண்டிற்கயிறும் வலையும் இதனால் செய்தனர். ஆயினும் நாரைக் கையால் உரித்தெடுக்கும் உழைப்பு அதிகம். இவற்றையெல்லாம் எண்ணாமல், பெரு வருவாய் கருதி நன்செய் நிலத்தில் எருக்கைப் பயிரிடுவது அறிவுடைமையாகாது.

பயிரிடுவோருக்கு உடனடிப் பயன் தருவது இதன் தழையே. நடவுக்கு முன் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்து மட்கவிட்டால் நெல்லுக்கு நல்ல உரமாகும். தரிசில் கிடைக்கும் இவ்வுரத்திற்கு விலையில்லை. வெட்டும் கூலி மட்டுமே செலவு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூறுகிறோம். தழை வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பலருக்கு வலி தோன்றாமையால் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு. உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். பால் பட்ட கையால் கண்ணைத் துடைக்கலாகாது. குழந்தைகளை இவ்வேலைக்கு விடவும் கூடாது.

விலையின்றிக் கிடைக்கும் பொருளை அளவறிந்து பயன்படுத்துவோம். விலைமதிப்பற்ற கண்ணைக் காத்துக்கொள்வோம்.