சிறு வீட்டின் வெளிப்புறமும் இயற்கைச் சூழலும்

சிறு வீட்டின் வெளிப்புற வடிவமைப்பு என்பது கூரை, சுவர், சன்னல், சஜ்ஜா, திண்ணை, வாசல், வேலி ஆகியவற்றை அந்த இடத்தின் வெயில், மழை, காற்று, மண், மரம் ஆகியவற்றுக்குப் பொருந்துமாறு அமைப்பதாகும். பேச்சு வழக்கில் இது 'எலிவேஷன்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. முகப்பில் என்ன வண்ணம், என்ன டைல்ஸ் என்பதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. ஆனால் வீடு சிறிதாகச் சிறிதாக வெளிப்புறத்தின் பொறுப்பு கூடுகிறது. பெரிய வீட்டில் மேற்கு அறை கொதித்தால் கிழக்கு அறைக்குச் சென்று படுக்கலாம். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் அப்படி ஒதுங்க இடமில்லை. அங்கே வெளிச்சுவர்தான் படுக்கையறைச் சுவர். கூரையின் சூடு நேராகத் தலையில்தான் இறங்கும்.

எவ்வளவு சிறிய வீடு என்பதற்கு அரசுத் திட்டங்கள் ஓர் அளவைத் தருகின்றன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய சூரிய மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தின் வீடு 300 சதுர அடி. ஊரகப் பகுதிகளுக்கான பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் குறைந்தது 25 சதுர மீட்டர் என்கிறது. இது சுமார் 270 சதுர அடி.

கூரை

தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வரை வட அட்சரேகையில் உள்ளது. அதனால் ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னையில் இது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நிகழும். நண்பகலில் சுவர்களைவிடக் கூரையே மிகுதியாக வெப்பத்தை வாங்குகிறது. எனவே செலவுக்கு வழி குறைவாக இருப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது முகப்பை அல்ல, கூரையை.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விடுகிறது. பழைய மெட்ராஸ் தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. மழைநீர் இறங்காமலும் சூடு தாக்காமலும் இருக்க அந்த ஒரே வேலை உதவியது. இன்று பல சிறு வீடுகளில் செலவைக் காட்டி விட்டுவிடுவது இதைத்தான். அது முடியாதபோது, கோடைக்கு முன் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் பயன் உண்டு. வெண்மை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். மழையில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தகரக் கூரை மலிவு. ஆனால் கீழே மூங்கில் தட்டியோ ஓலைப் பாயோ இட்டுக் காற்று புக இடைவெளி விடாவிட்டால், பகலில் உள்ளே இருக்க முடியாது.

நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் குளிர்ச்சியாக இருப்பதற்கு மண் மட்டுமே காரணமன்று. ஓட்டுக்கு ஓடு உள்ள இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே வெளியேறிவிடுகிறது. ஓட்டின் அடியில் கான்கிரீட் தளம் போட்டு, ஓட்டை அழகுக்காக மட்டும் ஒட்டும் இன்றைய முறையில் இந்தப் பயன் பெரும்பாலும் போய்விடுகிறது.

சுவரும் சன்னலும்

வடக்கு, தெற்குச் சுவர்களைக் காப்பது எளிது. அங்கே வெயில் உயரத்திலிருந்து வருவதால் இரண்டடி சஜ்ஜா போதும். மேற்குச் சுவர் அப்படியல்ல. கோடையில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் தாழ்ந்துவிடுகிறது. அப்போது இரண்டடி சஜ்ஜாவின் நிழல் சுமார் ஒன்றேகால் அடிதான் கீழே இறங்கும். அதற்குக் கீழுள்ள சன்னல் முழுவதும் வெயிலில் நிற்கும். ஆகவே மேற்கில் பெரிய சன்னல் வைக்காமல் இருப்பதும், படிக்கட்டையோ குளியலறையையோ அந்தப் பக்கம் தள்ளுவதும் நல்லது. சற்றுத் தள்ளி ஒரு வேம்போ புங்கமோ நட்டால் சஜ்ஜா செய்ய முடியாததை அது செய்துவிடும். மேற்குப் பார்த்த மனையில் மேற்கே பெரிய கண்ணாடி முகப்பு வைப்பது, மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் ஆயுள் முழுதும் பணம் கட்ட ஒப்புக்கொள்வதாகும்.

ஊருக்கு ஊர் மாறும் தேவைகள்

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரே வரைபடம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் உண்டு. அங்கே செங்குத்தான ஓட்டுக் கூரையும் நீண்ட இறப்பும் இயல்பாக வளர்ந்தன. காவிரிப் படுகையில் நீர் தேங்கும் என்பதால் உயர்ந்த பேஸ்மட்டமும் அதை ஒட்டிய திண்ணையும் வழக்கமாயின.

நீலகிரியில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே வெயில் விருந்தாளி. குளிர்காலச் சூரியன் தெற்கில் சாய்வதால் தெற்குச் சன்னல் பெரிதாக இருக்கலாம். தோடர்களின் மரபு வீடு அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்றது. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு ஆனது. தவழ்ந்து நுழைய வேண்டிய அளவு அதன் வாயில் சிறிது. குளிர்காற்றும் விலங்கும் உள்ளே வராமல் இருக்க அது உதவுகிறது. மலைச்சரிவில் இன்று நடக்கும் பெரிய தவறு, மண்ணை வெட்டிச் சமதளமாக்கி, சமவெளி வீட்டை அப்படியே அங்கு வைப்பதுதான். வெட்டிய சரிவு மழையில் இறங்கும். தரையைப் படிபடியாக அமைத்து வீட்டைச் சரிவோடு இறங்க விடுவதே பாதுகாப்பானது.

நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதியில் ஒன்றுக்கொன்று முரணான இரு தேவைகள் உள்ளன. மழைக்கு நீண்ட இறப்பு வேண்டும். புயலுக்கு அது ஆகாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஏராளமான கூரைகளைப் பறித்துச் சென்றது. காற்று இறப்பின் அடியில் புகுந்து கூரையை மேல்நோக்கித் தள்ளுவதே பல இடங்களில் அதன் தொடக்கம். இதற்குத் தீர்வாக, நான்கு பக்கமும் சரியும் கூரையைக் குறுகிய இறப்போடு அமைத்து, முன்தாழ்வாரத்தின் கூரையைத் தனியாகப் போடலாம். புயலில் தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரை தப்பும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிப்பதால், கான்கிரீட்டில் கம்பியை மூடும் கனம் குறையாமல் கொத்தனாரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

அருகில் கிடைக்கும் பொருள்

இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இத்துறையில் தவறாமல் குறிப்பிடப்படுபவர். வீட்டுக்கான பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள் பெற வேண்டும் என்ற காந்தியின் கருத்தை அவர் தம் பணிக்கு அடிப்படையாகக் கொண்டார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தம் வீட்டைக் கட்டினார். மரம் குறுக்கிட்டால் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரப்பினார். இதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

அவருடைய பூசாத செங்கல் சுவர் பலரைக் கவர்ந்தது. ஆனால் அதற்கு நன்றாகச் சுட்ட கல்லும், சாரல் படாத இறப்பும் வேண்டும். நீரை உறிஞ்சும் கல்லில் அதைச் செய்தால் மழைக்காலத்தில் ஈரம் உள்ளே இறங்கும். அத்தகைய இடத்தில் சுண்ணாம்புப் பூச்சே மேல்.

அருகில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பொருளை எடுத்துவிடவும் முடியாது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம் பவளப்பாறைக் கற்களால் ஆனது. இன்று மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். ஆற்று மணலும் இப்படித்தான்: கிராமத்து ஆற்றில் அள்ளிய மணலுக்கு அதே கிராமத்துக் கிணறு விலை கொடுக்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் ஓடு, கதவு, நிலை, கருங்கல் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வாசலும் வேலியும்

மனை சிறிதாக இருந்தாலும் மீதி நிலம் முழுவதற்கும் சிமெண்டுக் கல் பாவக் கூடாது. பாவிய தரை பகலில் சூடேறி அந்தச் சூட்டைச் சுவர்மேல் வீசும். மழைநீரையும் உள்ளே விடாது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். கூரைநீர் இறங்கும் குழாயின் கீழே சல்லியும் மணலும் நிரப்பிய குழி ஒன்றே சிறு வீட்டுக்குப் பெரும்பாலும் போதுமானது. நடைபாதைக்கும் வண்டி நிறுத்தவும் மட்டும் கல் பதித்து, மற்ற இடத்தை மண்ணாக விடலாம்.

உயர்ந்த காம்பவுண்டு சுவர் சிறு வீட்டுக்கு வரும் காற்றை மறிக்கிறது. கொங்குப் பகுதியின் கிளுவை வேலி காற்றை விடும், மாட்டை விடாது. சுவர்தான் வேண்டும் என்பவர்கள் மூன்றடிக்குச் சுவரெழுப்பி, அதன்மேல் கம்பி வலையிட்டுக் கொடி படரவிடலாம். கொடியை வீட்டுச் சுவரில் நேரடியாக ஏற்றினால் வேர் பூச்சைப் பெயர்க்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் பந்தல் போட்டு ஏற்றினால் நிழலும் கிடைக்கும், அவரையோ பீர்க்கையோ காய்க்கவும் செய்யும்.