தொட்டிக்குள் ஒரு நீர்மட்டம்

நர்சரியில் செடியைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம் செலவிடுகிறவர்கள்கூடத் தொட்டியை நிறம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வரவேற்பறை சோபாவுக்குப் பொருத்தமாக நீலப் பீங்கான், பால்கனிக்கு வெள்ளை பிளாஸ்டிக். வேருக்கு முக்கியம் தொட்டியின் அடியும் சுவரும்.

முதலில் அடி. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்க ஊறவைத்து, ஓரங்களைப் பிடித்துப் படுக்கைவாட்டில் தூக்குங்கள். சொட்டுவது நிற்கட்டும். நின்றதும், பிழியாமல், அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். அதே ஸ்பாஞ்சு, அதே துளைகள். மாறியது உயரம் மட்டும்தான்.

தொட்டி மண்ணிலும் இதுவே நடக்கிறது. துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடியிலிருந்து கொஞ்ச உயரத்துக்குப் பிடிப்பே ஜெயிக்கிறது. அந்தப் பகுதி, கீழே துளை இருந்தாலும், சொதசொதவென்றே நிற்கும். அது எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது மண் கலவை, தொட்டி அல்ல. உங்கள் கலவைக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பத்து அங்குல உயரத் தொட்டியில் எட்டு அங்குலம் காற்றோட்டமாக மிஞ்சும். நான்கு அங்குல அலங்காரக் கிண்ணத்தில் பாதி சேறு.

சேற்றில் வேருக்கு மூச்சு முட்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. திணறும் வேர் தண்ணீர் உறிஞ்சுவதையும் குறைத்துக்கொள்வதால் இலை வாடும். வாட்டத்தைப் பார்த்தவர் இன்னொரு சொம்பு ஊற்றுவார். பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

"அடியில ரெண்டு கை ஜல்லி போடுங்க, தண்ணி நல்லா வடியும்" என்று சொல்லாத ஆளில்லை. வடியாது. நுண்துளையில் இருக்கும் நீர், மேலே மண் நிரம்பித் ததும்பும்வரை ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் இறங்காது. ஆக, சேறு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்குக் கிடைக்கும் ஆழம் அந்த அளவுக்குக் குறையும். மண் கொட்டாமலிருக்கத் துளைமேல் ஓர் ஓட்டாஞ்சில்லு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வடிகால் வேண்டுமென்றால் பெருமணல், பெர்லைட் என்று கலவையைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது சுவர். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹென்ட்ரிக் போர்ட்டர் குழுவினர், தொட்டியில் வளர்ந்த பார்லி, சர்க்கரை பீட் செடிகளை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தார்கள். வேர்த்தொகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, சுவரை ஒட்டிய வெளிப்பாதியில் இருந்தது. நடுமண்ணைக் காலியாக விட்டுவிட்டு வேர் சுவரைத் தேடி ஓடியிருக்கிறது. சுவர் எதனால் ஆனது என்பது இதனால்தான் முக்கியமாகிறது.

சுட்ட மண் சுவர் ஈரத்தைக் கசியவிடும். கசிந்த ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் சுவரோரம் குளிர்ந்திருக்கும். மானாமதுரை மண் தொட்டியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: உள்ளே ஈரமிருந்தால் மொத்தென்ற சத்தம், காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும். வெளியே பூக்கும் வெள்ளைப் படிவம் பூஞ்சை அல்ல. போர் தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. புதுத் தொட்டியை நடுவதற்கு முன் ஊறவைக்காவிட்டால் முதல் தண்ணீரைச் சுவரே குடித்துவிடும்.

பிளாஸ்டிக் சுவரில் கசிவு கிடையாது. நேர்வெயிலில் நிறமும் கணக்கில் வரும்: சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்த கறுப்புத் தொட்டியின் உள்மண், வெயில் படும் பக்கத்தில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதல்ல. வேர் குவிந்திருப்பதும் அங்கேதான்.

என்னைக் கேட்டால், செடியைவிடத் தண்ணீர் ஊற்றும் ஆளைப் பார்த்துத்தான் தொட்டி வாங்கச் சொல்வேன். பார்க்கும்போதெல்லாம் ஊற்றும் கை என்றால் மண் தொட்டி. வாரக்கணக்கில் மறந்துபோகிறவருக்குப் பிளாஸ்டிக். கற்றாழைக்கு மண் தொட்டிதான் உகந்தது, பெரணிக்குப் பிளாஸ்டிக். துளையில்லாத பீங்கானை மேலுறையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அளவு? 2012இல் போர்ட்டர் குழு 65 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடியது. ஆறு இன்ச்சிலிருந்து அதே வடிவ எட்டு இன்ச்சுக்கு மாறினாலே கொள்ளளவு இரு மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் வெளிச்சம் குறைந்த வரவேற்பறையில் அந்த 43 சதவீதத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது. சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வாங்கினால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும்போது ஒரு சைஸ் மேலே போனால் போதும்.

கடைசியாக, அடித்தட்டு. அதில் தேங்கும் தண்ணீர் மீண்டும் மேலேறி அடிமண்ணைச் சேறாக்கும். டெங்கு பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிடுவதும் இப்படிப்பட்ட தண்ணீரை ஒட்டித்தான். வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்கவும் வேண்டும்: தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.